விழுங்குதல் கோளாறு: இரண்டு நாள் பயிற்சி வகுப்பு எப்படி இருந்தது?

பேச்சு சிகிச்சையாளராக ஆறு வருஷம் வேலை பார்த்தும், பக்கவாதம் வந்தவருக்குக் கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்கணும் என்பதைக் கண்ணளவில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வகுப்பு அதை மாற்றியது. 10 மில்லி சிரிஞ்சில் வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சியை நிரப்பி, முனையை அடைத்த விரலை எடுத்து 10 விநாடி வடியவிட்டோம். மிச்சம் 6 மில்லி. உணவும் பானமும் எவ்வளவு கெட்டி என்று வகைப்படுத்தும் சர்வதேச அளவுகோலான ஐ.டி.டி.எஸ்.ஐ.யில் இது இரண்டாம் நிலை; மிச்சம் கூடக்கூடக் கெட்டியும் கூடுதல். ஆறவைத்துத் திரும்பப் பார்த்தால் 9 நின்றது, மூன்றாம் நிலை! ஊட்டுகிறவர்களிடம் சூட்டையும் சேர்த்துச் சொல்லணும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்து, ஒரு நோயாளி விழுங்கும் எக்ஸ்ரே வீடியோ காட்டினார்கள். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பேரியம் கலந்த ஒரு வாய் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. அந்த மனிதர் இருமவே இல்லை. இருமல் வரவில்லை என்பதால் உணவு சரியாக இறங்கியது என்று நம்பாதீர்கள்.

மூக்கு வழியாகக் கேமரா குழாயை (எண்டோஸ்கோப்) விட்டு விழுங்குவதைப் பார்க்கும் பயிற்சிக்கு முப்பது பேருக்கு ஒரே கருவி. என் முறை வரவே இல்லை. அதற்கு இன்னொரு நாள் ஒதுக்கியே ஆகணும்.