ரீஃபண்டா, வவுச்சரா, தேதி மாற்றமா? சிங்கப்பூர் போகாமல் கழிந்த இரண்டு வருடம்

2020 ஜனவரியில் இரண்டு குடும்பமாகச் சேர்ந்து, மே மாதக் கடைசி வாரத்துக்குத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய்வர டிக்கெட் போட்டோம். எங்கள் வீட்டில் நாலு பேர். மச்சான் வீட்டில் அத்தையையும் சேர்த்து நாலு சீட்டு, மடியில் ஒரு கைக்குழந்தை. போய்வர ஆளுக்கு 14,000 ரூபாய். ஒரே விமானம், ஒரே நாள். மார்ச்சில் கொரோனா வந்ததும் நான் ஒரு வழியில் போனேன், மச்சான் இன்னொரு வழியில் போனான். அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. நான் ரீஃபண்ட் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹோட்டலைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. லிட்டில் இந்தியா பக்கம் இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள அறையாகப் போட்டிருந்தோம். ஒரு பொத்தான், முடிந்தது. விசாவுக்கு நல்லவேளை இன்னும் விண்ணப்பிக்கவில்லை. 30 சிங்கப்பூர் டாலர் கட்டணம், பயணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் திரும்பாது. சிக்கல் எல்லாம் விமான டிக்கெட்டில்தான்.

மச்சான் எடுத்தது தேதி மாற்றம். மார்ச் நடுவிலேயே, விமானம் ரத்தாகும் முன்னாலேயே, டிசம்பருக்கு மாற்றிவிட்டான். "மாமா, இதென்ன டிசம்பர் வரைக்குமா இருக்கப்போகுது?" என்றான். அப்போது எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். மாற்றுக் கட்டணம் கிடையாது என்று விமான நிறுவனம் அறிவித்திருந்தது. ஆனால் மாற்றுக் கட்டணம் வேறு, கட்டண வித்தியாசம் வேறு. டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு விலை கூடுதல் என்பதால் சீட்டுக்கு 2,500 வீதம் 10,000 ரூபாய் மேலே கட்டினான். 'இலவச' மாற்றம்!

நான் ஒன்றும் செய்யவில்லை. புத்திசாலித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். வாடிக்கையாளர் எண்ணில் அரை மணி நேரம் பாட்டு கேட்டுவிட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். அந்தச் சோம்பேறித்தனம்தான் காப்பாற்றியது. நாமாக ரத்து செய்தால் அவர்கள் விதிப்படி பிடித்தம் போகும். அவர்களாக விமானத்தை ரத்து செய்தால் முழுப் பணத்தையும் கேட்கலாம். இந்தியா மார்ச் 22 முதல் சர்வதேச விமானங்களை நிறுத்தியது. மறுநாள் இரவு 11.59 முதல் சிங்கப்பூர் குறுகிய காலப் பயணிகளை உள்ளே விடவில்லை. ஏப்ரலில் எங்கள் விமானம் ரத்தானதாக மின்னஞ்சல் வந்தது, கீழே இரண்டு பொத்தான்களோடு. வவுச்சராக எடுத்தால் 120 சதவீதம், அதாவது என் 56,000 ரூபாய்க்கு 67,200. பணமாக எடுத்தால் 56,000 மட்டும், 'சில வாரங்கள் ஆகலாம்' என்ற வரியோடு.

67,200 என்ற எண்ணைப் பார்த்தபோது கை நீண்டது உண்மை. என் மனைவிதான் வவுச்சரின் நிபந்தனைகளைக் கடைசி வரை படித்தாள். ஒரு வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டும். ஒரே முறைதான் பயன்படுத்தலாம், மீதி இருந்தால் போனதுதான். "நமக்குக் கெடு வைக்கிறாங்க. அவங்க எப்போ பறப்பாங்கன்னு ஒரு வார்த்தை இருக்கா பாருங்க" என்றாள். பணத்தையே கேட்டோம். ஜூலையில்தான் வந்தது, நடுவில் ஏழெட்டு மின்னஞ்சல். டிக்கெட் போடும்போது தனியாகப் பிடித்த கன்வீனியன்ஸ் ஃபீ 1,600 ரூபாய் வரவில்லை. அதோடு சண்டையை விட்டேன்.

என் மனைவி சொன்ன அந்தக் கெடுதான் என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானித்தது. மற்றதெல்லாம் ஆயிரம் இரண்டாயிரம் விவகாரம். வவுச்சரிலும் தேதி மாற்றத்திலும் ஒரு கடைசித் தேதி இருக்கிறது. அந்த நாட்டின் கதவு திறக்கும் தேதியோ விமான நிறுவனத்தின் கையிலும் இல்லை, நம் கையிலும் இல்லை. மச்சானுக்கு நடந்ததைப் பாருங்கள். 2020 டிசம்பரில் சுற்றுலாவுக்குச் சிங்கப்பூர் திறக்கவில்லை. 2021 மே மாதத்துக்கு மாற்றினான், இந்த முறை வித்தியாசம் கேட்கவில்லை. இரண்டாம் அலை வந்தது. ஏப்ரல் 23 இரவு முதல், அண்மையில் இந்தியாவில் இருந்தவர்களைச் சிங்கப்பூர் தடுத்துவிட்டது. மூன்றாவது முறை மாற்ற அவனுக்கே தெம்பில்லை. அந்த ஏப்ரல் முடிவில் வவுச்சர் வாங்கிக்கொண்டான். கைக்குழந்தையின் 3,000-ஐயும் சேர்த்து 59,000 டிக்கெட், அதற்கு மேல் கட்டிய 10,000, மொத்தம் 69,000. கெடு, 2022 ஏப்ரல் 30.

நடுவில் 2021 நவம்பர் 29 முதல், தடுப்பூசி போட்டவர்களுக்குத் தனிமைப்படுத்தல் இல்லாத விமானங்கள் சென்னை, டெல்லி, மும்பையிலிருந்து தொடங்கின. திருச்சி அந்தப் பட்டியலில் இல்லை. சென்னைக்குப் போய் ஏறலாமா என்று மச்சான் யோசித்து முடிப்பதற்குள் ஒமிக்ரான். டிசம்பர் 23 முதல் ஒரு மாதத்துக்குப் புது டிக்கெட் விற்பனையையே நிறுத்தினார்கள். கடைசியில் இந்தியா வழக்கமான சர்வதேச விமானங்களை 2022 மார்ச் 27-இல் திறந்தது, சிங்கப்பூர் தடுப்பூசி போட்ட எல்லோருக்கும் ஏப்ரல் 1-இல். வவுச்சர் காலாவதியாக 29 நாள் மிச்சம். இன்னொரு ஒமிக்ரான் வந்திருந்தால் 69,000 ரூபாயும் விமான நிறுவனத்தின் கருணையில்தான். கெடுவை நீட்டித்த நிறுவனங்கள் பல உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நீட்டிப்பது அவர்கள் மனசு, நம் உரிமை இல்லை.

இன்னொரு தவறான எண்ணம், வவுச்சர் வைத்திருந்தால் பழைய விலை கிடைக்கும் என்பது. வவுச்சர் விலையைப் பிடித்து வைப்பதில்லை, பணத்தைத்தான் பிடித்து வைக்கிறது. 2022 மே மாதத்துக்குப் போய்வர ஆளுக்கு 23,000. நான் புதிதாக வாங்கினாலும் அதே விலை, மச்சான் வவுச்சரில் வாங்கினாலும் அதே விலை. அதற்குமேல் அவனுக்கு ஒரு கூடுதல் அடி: 2020-இல் மடியில் உட்கார்ந்து 3,000 ரூபாயில் போகவேண்டிய பையனுக்கு இப்போது மூன்று வயது. இரண்டு வயது தாண்டினால் தனி சீட்டு. ஐந்து சீட்டுக்கு 1,15,000, வவுச்சர் போக 46,000 கையிலிருந்து கட்டினான்.

தள்ளிப்போட்டதால் எனக்கும் செலவு வராமல் இல்லை. பதினைந்து வயதுக்குக் கீழே பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான். மகளுடையதில் ஆறு மாதம்கூட மிச்சமில்லை, 1,000 ரூபாய் கட்டிப் புதிதாக எடுத்தோம். 2020-இல் 53 ரூபாய் பக்கம் இருந்த சிங்கப்பூர் டாலர் 56-ஐத் தொட்டிருந்தது. ரீஃபண்ட் வாங்கியவனுக்கும் வவுச்சர் வாங்கியவனுக்கும் இதில் பாகுபாடு கிடையாது.

இந்திய விமான நிறுவனத்தில் போட்டவர்கள் கதை கொஞ்சம் வேறு. 2020 அக்டோபர் 1-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் திருப்பித் தர முடியாத நிலையில் இருக்கும் நிறுவனம் 'கிரெடிட் ஷெல்', அதாவது பின்னால் டிக்கெட் வாங்கப் பயன்படும் வரவு, தரலாம், அதை 2021 மார்ச் 31 வரை பயன்படுத்தலாம், வேறு ஒருவருக்கு மாற்றியும் தரலாம். மதிப்பு மாதாமாதம் கூடும், 2020 ஜூன் வரை அரை சதவீதம், அதன்பின் முக்கால் சதவீதம். கெடு முடிந்தும் பயன்படுத்தாமல் மீதி இருந்தால் பணமாகவே திருப்பித் தர வேண்டும். இப்படிப்பட்ட வவுச்சர் என்றால் நானே எடுத்திருப்பேன். கெடுவின் முடிவில் பணம் திரும்புகிறதே, என் எதிர்ப்பு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. உள்நாட்டில் அடிக்கடி பறப்பவர்களுக்கும் வவுச்சர் சரி, எந்த ஊருக்காவது செலவழித்துவிடுவார்கள். சிங்கப்பூரில் மகனோ மகளோ இருக்கிறார்கள், கதவு திறந்த அன்றே கிளம்புவார்கள் என்றாலும் சரி.

ஏஜென்ட் வழியாகப் போட்டால் பணம் ஏஜென்ட் கணக்குக்குத்தான் திரும்பும். நான் நேரடியாகக் கார்டில் போட்டதால் அந்தச் சுற்று இல்லை. பேக்கேஜ் டூர், பயணக் காப்பீடு இரண்டிலும் எனக்கு அனுபவம் கிடையாது. எதிர் வீட்டுக்காரர் பேக்கேஜில் முன்பணம் கட்டி ரொம்ப நாள் அலைந்தார் என்பது வரைதான் தெரியும், அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன்.

ரீஃபண்டுக்கும் ஒரு குறை உண்டு. கையில் வந்த பணம் சும்மா இருக்காது. அந்த 56,000-இல் பாதி, ஜூலையிலேயே மகளின் ஆன்லைன் வகுப்புக்கு லேப்டாப் ஆனது. மீதி எந்த மாத மளிகையில் கரைந்தது என்று தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் வேலை நிச்சயமில்லாத அந்த வருடத்தில் அது பெரிய உதவி. ஆனால் 2022 ஏப்ரலில் 92,000 ரூபாயை நான் முழுசாகப் புரட்ட வேண்டியிருந்தது. மச்சான் 46,000-தான் புரட்டினான். "வவுச்சர் மட்டும் இல்லைன்னா நாம போயே இருக்க மாட்டோம் மாமா. கெடு தேதி பார்த்துத்தானே கிளம்பினோம்" என்று சிங்கப்பூர் செராங்கூன் சாலையில் இட்லி தின்றுகொண்டே சொன்னான். அத்தை, தன் மகன் பக்கம்தான் தலையாட்டினார். மூன்று வயதுக்காரன், 23,000 ரூபாய் சீட்டை வரும் வழியெல்லாம் காலியாக விட்டுவிட்டு, மடியிலேயே தூங்கி வந்திருந்தான்.