பின் டிரம் பிரேக் ஸ்பிரிங் கிட்: பெட்டியில் இருப்பதும் இல்லாததும்

பிக்கப்பின் பின் டிரம்மைக் கழற்றும்போதே துருத்தூள் கொட்டுகிறதா? டிரம்முக்குள் விரிந்து உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூவோடு ஸ்பிரிங் கிட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். 'ஹார்ட்வேர் கிட்' என்று விற்கப்படும் இது, ஷூ செட்டோடு ஒப்பிட்டால் சொற்ப விலைதான். ஆனால் துருவுக்கே இது மருந்து என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம். துருவில் முதலில் இறுகிப்போகும் பாகங்கள் பெரும்பாலும் இந்தப் பெட்டியில் இருப்பதில்லை.

பிக்கப்பில் இந்தத் தொல்லை அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. பல பிக்கப்புகளில் பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு ஒன்று பின் ஆக்சிலோடு இணைந்திருக்கும். வண்டி காலியாக ஓடும்போது அது பின் பக்கத்துக்கு அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஷூவின் மேல் உள்ள உரசும் பட்டையான லைனிங் உரசித் துடைக்காத டிரம்மில் துரு தங்கும். அதிலும் ஈரத்தில் ஹேண்ட் பிரேக் போட்டுப் பல நாள் நிறுத்தினால் ஷூவே டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

கிட்டைப் பிரிப்பதற்கு முன் டிரம் வெளியே வர வேண்டுமே. முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் ஆக்சிலை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துக்கொள்ளுங்கள். டிரம் துளியும் அசையவில்லை என்றால் நடுவில் ஆக்சில் ஃபிளாஞ்சோடு, அதாவது சக்கரம் மாட்டும் ஆக்சில் முனைத் தட்டோடு, துரு பிடித்திருக்கிறது. சில மில்லிமீட்டர் வந்து தட்டி நின்றால் உள்ளே ஷூதான் தடுக்கிறது: டிரம்மின் உள் விளிம்பில் தேயாமல் நிற்கும் துருமேட்டில் ஷூ மாட்டியிருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எது என்று பார்க்காமல் சுத்தியலை எடுப்பவர்கள்தான் டிரம்மை உடைக்கிறார்கள்.

ஃபிளாஞ்சில் பிடித்திருந்தால் நடுத்துளையின் விளிம்பிலும் சக்கரம் மாட்டும் போல்ட்டுகளான ஸ்டட்டுகளைச் சுற்றியும் துரு இளக்கும் எண்ணெயைக் கொஞ்சமாக விட்டு ஊற விடுங்கள். அதிகம் விட்டால் லைனிங்கில் இறங்கும். ஜப்பானியப் பிக்கப்புகள் பலவற்றின் டிரம் முகத்தில் இரண்டு மரைத்துளைகள் இருக்கும். 8 மில்லிமீட்டர், 1.25 மரை போல்ட்டுகளை அவற்றில் மாற்றி மாற்றி அரைச்சுற்றாக இறுக்கி, இடையில் ஸ்டட்டுகளுக்கு நடுவே முகத்தில் தட்ட வேண்டும். போல்ட் கனமாக இறுகும்போதும் திருகிக்கொண்டே போனால் மரை போகும், அல்லது டிரம்மில் விரிசல் விழும். விளிம்பில் மட்டும் அடிக்கவே கூடாது. வார்ப்பிரும்பு சில்லுச்சில்லாகப் பெயர்ந்துவிடும்.

ஷூ தடுத்தால் டிரம்முக்குப் பின்னால் உள்ள தகடான பேக் பிளேட்டின் ரப்பர் அடைப்பை எடுத்துவிட்டு, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் லீவரை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் தள்ளிப் பிடித்தபடி அதன் பல்சக்கரமான ஸ்டார் வீலைத் தளர்த்தும் பக்கம் திருப்புங்கள். லீவரைத் தள்ளாமல் திருப்பினால் பற்கள் மழுங்கும். அப்புறம் அந்த அட்ஜஸ்டர் எதற்கும் ஆகாது. தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துக் கழுவுங்கள்.

இனி கிட். பெரும்பாலும் ஒரு பெட்டி இரண்டு சக்கரங்களுக்கும் ஆகும். ஷூவைத் திரும்ப உள்ளே இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங்குகள், ஷூவைப் பேக் பிளேட்டோடு அழுத்தும் சிறு ஸ்பிரிங்குகள், அவற்றின் ஊசி போன்ற பின்கள், கிண்ண வாஷர்கள், லீவர் ஸ்பிரிங் எல்லாம் வரும். பழைய ரிட்டர்ன் ஸ்பிரிங்கில் சுருள்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது தளர்ந்துவிட்டது. புதியதில் சுருள்கள் நெருக்கமாக ஒட்டி நிற்க வேண்டும். பின்களின் நீளத்தைப் பழையதோடு வைத்துப் பார்ப்பதும் முக்கியம். பல மாடலுக்கும் பொருந்தும் என்று விற்கும் பெட்டியில் இந்த ஊசிகள் சற்று நீளமாக இருந்தால் ஷூ ஆடும். நிறம் வேறுபட்ட ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் விறைப்பிலும் வேறுபடும், இடம் மாற்றி மாட்டக் கூடாது. ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள். மாட்டும் முறைக்கு அதைவிட நல்ல வரைபடம் எந்தப் பெட்டியிலும் வராது.

இல்லாதவற்றில் முதலாவது அட்ஜஸ்டர். துருவில் இதன் மரை இறுகிவிட்டால் லைனிங் தேயத் தேய இடைவெளி கூடி, பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். கழற்றி வயர் பிரஷ்ஷால் தேய்த்து, மரை முழுவதும் விரலால் சுற்ற வருகிறதா என்று பாருங்கள். எங்காவது பிடித்தால் மாற்றிவிடுங்கள். இடது, வலது அட்ஜஸ்டர்களின் மரை எதிரெதிர். பக்கம் மாறிப் போனால் தானாக இறுக வேண்டியது தானாகத் தளரும்.

இரண்டாவது, பலர் கவனிக்காதது. டொயோட்டாவின் பழைய பிக்கப்புகள் போன்றவற்றில் ஹேண்ட் பிரேக் கேபிள் பேக் பிளேட்டின் வெளியே உள்ள பெல் கிராங்க் என்னும் முழங்கை லீவரில் சேர்கிறது. அதன் ரப்பர் உறை கிழிந்தால் தண்ணீர் இறங்கி அச்சாணி இறுகும். இந்த அமைப்பில் அட்ஜஸ்டரை இயக்குவதே ஹேண்ட் பிரேக் லீவர்தான். ஆகவே கிராங்க் நின்றால் புதிய ஷூ, புதிய ஸ்பிரிங் எல்லாம் போட்டும் சில மாதங்களில் பெடல் மறுபடி தாழும். பழி கிட்டின் மேல் விழும். கிராங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, புது உறை போடுங்கள். கேபிள் உறைக்குள் உரசினால் அதையும் மாற்றுங்கள்.

பேக் பிளேட்டில் ஷூ உட்காரும் மேடுகள் பொதுவாக ஷூவுக்கு மூன்று. துருவைச் சுரண்டி, பிரேக்குக்கான உயர்வெப்ப கிரீஸை மெல்லிசாகத் தடவினால் போதும். சாதாரண சேஸிஸ் கிரீஸ் சூட்டில் உருகி லைனிங்குக்குப் போகும். மேட்டில் பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் மாட்டி நிற்கும். கிரீஸ் அதைச் சரிசெய்யாது. ஷூவைத் தள்ளி விரிக்கும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கி, உள்ளே ஈரம் இருந்தால் மாற்றுங்கள். அதில் சேரும் பிரேக் பைப்பின் நட்டுக்குச் சாதாரண ஸ்பேனர் போட வேண்டாம். நட்டின் முனைகள் மழுங்கும், இல்லையென்றால் துருவேறிய பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். பிளவுள்ள ரிங் ஸ்பேனரே சரி. பழைய ஷூவில் லைனிங் போதிய கனம் இருந்தாலும் அதற்கும் இரும்புக்கும் நடுவே துரு எழுந்து விளிம்பு தூக்கியிருந்தால் தூக்கி எறியுங்கள், ஒருநாள் மொத்தமாகப் பெயர்ந்து வரும். டிரம்மின் அதிகபட்ச விட்டம் அதன் மேலேயே வார்க்கப்பட்டிருக்கும். கடைசல் பிடித்த பின் அதைத் தாண்டினால் புது டிரம்தான்.

மாட்டியபின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசான உரசல் சத்தம் கேட்க வேண்டும், இரு பக்கமும் ஒரே அளவில். ஹேண்ட் பிரேக் கேபிளை அதற்குப் பிறகே இழுத்துச் சரிசெய்யுங்கள். முதலிலேயே இழுத்தால் ஷூ விரிந்தே நின்று சூடேறும்.

எல்லாம் பொருத்தியே வரும் முழு பேக் பிளேட்டும் சில மாடல்களுக்குக் கிடைக்கிறது. மேடுகள் தேய்ந்து, பிளேட்டே ஓட்டை விழுந்த வண்டிக்கு அதுதான் வழி. ஆனால் பிக்கப்புகளில் பெரும்பாலும் அதை மாட்ட ஆக்சில் ஷாஃப்ட்டையே உருவ வேண்டும். ஆயில் சீல் புதிதாகப் போட வேண்டும், பேரிங்கை பிரஸ்ஸில் கழற்றும் வேலையும் வரலாம். பிளேட் உறுதியாக இருக்கும் வண்டிக்கு ஸ்பிரிங் கிட்டோடு இரண்டு அட்ஜஸ்டர், இரண்டு கிராங்க் உறை தனியாக வாங்குவதே மலிவு, வேலையும் குறைவு.