க்ருல்யாஸ்கோவில் டொரினோ அருங்காட்சியகம்: எப்படிப் பார்ப்பது, எதைத் தவறவிடக்கூடாது

கால்பந்துக்காக இத்தாலியின் டூரின் நகரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் யுவென்டஸ் அரங்கத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதே ஊரின் மாதுளைச் சிவப்பு அணியான டொரினோவைப் புரிந்துகொள்ள, மேற்குப் புறநகரான க்ருல்யாஸ்கோவில் உள்ள வில்லா கிளாரெட்டா அஸ்ஸாண்ட்ரியா என்ற பழைய மாளிகைக்குப் போக வேண்டும். 1940களில் கோலோச்சிய டொரினோ அணியைக் குறிக்கும் 'கிராண்டே டொரினோ' (மகத்தான டொரினோ) என்ற பெயர் கொண்ட அருங்காட்சியகம் 2008 மே 4 முதல் அங்கே இயங்குகிறது. அணி நிர்வாகம் அல்ல, ரசிகர் சங்கத்தின் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். அதன் சிறப்பு, குறை இரண்டுக்குமே காரணம் அதுதான்.

முதலில் குறை. வார இறுதியில் மட்டுமே திறப்பார்கள்: சனி பிற்பகல், ஞாயிறு. வார நாளில் போனால் பூட்டிய கதவுதான். மாலையில் கடைசி நுழைவு மூடும் நேரத்துக்கு வெகு முன்பே முடிந்துவிடும். போகும் வாரத்தில் நேரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். மெட்ரோவில் மேற்குக் கோடிவரை வந்து, மிச்சத் தூரத்துக்குப் பேருந்து பிடிக்கலாம். விளக்கம் பெரும்பாலும் இத்தாலிய மொழியில்தான். மொழி தெரியாதவர்கள் அந்த 1940கள் அணியின் பதினொரு ஆட்டக்காரர்களின் பெயர்களையாவது வரிசையாகத் தெரிந்துகொண்டு போவது நல்லது: பாச்சிகலூப்போ, பல்லாரின், மரோசோ, கிரேஸார், ரிகமோன்டி, கஸ்திலியானோ, மென்டி, லோயிக், கபெத்தோ, மஸ்ஸோலா, ஒஸ்ஸோலா. இந்த ஊர்க்காரர்கள் அந்தப் பெயர்களை இதே வரிசையில்தான் சொல்வார்கள்.

இந்த அணி 1942-43இலும், போருக்குப் பின் 1945-46 தொடங்கி 1948-49 வரையிலும், மொத்தம் ஐந்து இத்தாலிய லீக் பட்டங்களை அடுத்தடுத்து வென்றது. 1947 மே 11 அன்று ஹங்கேரியை 3-2 என வென்ற இத்தாலி அணியின் பதினொருவரில் பத்துப் பேர் டொரினோக்காரர்கள். அவர்களின் சொந்த மைதானம் 1926இல் திறந்த பிலடெல்ஃபியா. அது 1990களின் இறுதியில் இடிக்கப்பட்டபோது ரசிகர்கள் காப்பாற்றிய பாகங்கள் இங்கே இருக்கின்றன. அவற்றின் முன் அவசரப்படாமல் நில்லுங்கள். அந்த மரத்தையும் இரும்பையும் யாரும் ஏலத்தில் எடுக்கவில்லை. இடிபாட்டிலிருந்து கையால் தூக்கி வந்தவை.

அடுத்தது விபத்துப் பகுதி. போர்ச்சுகலின் பென்ஃபிகா அணிக்குத் தலைமையேற்று ஆடிய பிரான்சிஸ்கோ ஃபெரெய்ராவைச் சிறப்பிக்கும் ஆட்டத்தில் ஆடிவிட்டு லிஸ்பனிலிருந்து திரும்பிய ஃபியட் ஜி.212 விமானம், 1949 மே 4 மாலை தாழ்ந்த மேகத்திலும் மூடுபனியிலும் சூப்பெர்கா குன்றின் பேராலயப் பின்சுவரில் மோதியது. 18 ஆட்டக்காரர்கள் உட்பட 31 பேரும் இறந்தார்கள். விமானத்தின் உந்துவிசிறி இங்கே இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிகளில் ஆட்டக்காரர்களின் உடைமைகளும் உள்ளன. மிச்சமிருந்த நான்கு லீக் ஆட்டங்களில் டொரினோ இளைஞர் அணியை இறக்க, எதிரணிகளும் தங்கள் இளைஞர்களையே இறக்கின. காயத்தால் பயணிக்காத ஆட்டக்காரர் சௌரோ தோமாவைப் பற்றி வழிகாட்டியிடம் கேளுங்கள். பல நல்ல விவரங்கள் கேட்டால்தான் கிடைக்கும்.

பிற்காலப் பகுதியைப் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அது தவறு. 1967இல் சாலையில் கார் மோதி இறந்த ஆட்டக்காரர் ஜீஜி மெரோனி, ராடிச்சே பயிற்சியில் புலிச்சியும் கிராட்சியானியும் வென்று தந்த 1975-76 பட்டம், 1992 யூஈஎஃப்ஏ கோப்பையின் இரண்டு ஆட்ட இறுதியில் நெதர்லாந்தின் அயாக்ஸிடம் ஒரு ஆட்டமும் தோற்காமல், சமநிலையில் வெளியூரில் அடித்த கோல்களுக்கு முன்னுரிமை தரும் விதியால் இழந்த கோப்பை: இந்த மூன்றும் தெரியாமல், 1949க்குப் பிறகும் இந்த அணியை ஏன் தலைமுறை தலைமுறையாகப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பது விளங்காது.

சூப்பெர்காவையும் சேர்த்துப் பார்க்க விரும்பினால் வேறொரு நாள் ஒதுக்குங்கள். அது நகரத்தின் நேரெதிர், கிழக்குப் பக்கம். அடிவாரத்தின் சஸ்ஸி நிலையத்திலிருந்து பற்சக்கர ரயில் சுமார் 3 கிலோமீட்டரில் 400 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. பராமரிப்புக்காக நிற்பதுண்டு, முன்கூட்டியே விசாரியுங்கள். நினைவுக்கல் பேராலயத்துக்குள் இல்லை, பின்புறம் சுற்றிப் போக வேண்டும். மே 4 அன்று அணித் தலைவர் அங்கே 31 பெயர்களையும் வாசிப்பார். அன்று கூட்டம் மிகுதியாக இருக்கும். கல்லின் அருகே நிற்க வேண்டுமானால் காலையிலேயே மேலே போய்விடுங்கள்.