ஐ3 சாளர மேலாளரில் மாறி மாறி வரும் பின்னணிப் படம்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

லினக்ஸில் பயன்படும் சாளர மேலாளரான ஐ3, சாளரங்களை ஒன்றையொன்று மறைக்காமல் அடுக்கித் தருவதோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும். க்னோம், கேடிஈ போன்ற முழு மேசைச்சூழல்களில் அமைப்புகள் பகுதியிலேயே கிடைக்கும் பின்னணிப் படத் தேர்வு இதில் கிடையாது என்பதால், அந்தப் பொறுப்பை வேறொரு நிரலிடம்தான் ஒப்படைக்க வேண்டும். நான் நெடுங்காலமாக ஃபே என்னும் சிறிய படக்காட்டியைப் பயன்படுத்தி வருகிறேன். படக் கோப்புறையின் பாதையோடு ‘ரேண்டமைஸ்’, ‘பிஜி-ஃபில்’ ஆகிய இரு தெரிவுகளையும் சேர்த்து ஒற்றை வரியாக ஐ3-இன் அமைவுக் கோப்பில் எழுதிவிட்டால், உள்நுழையும்போதெல்லாம் ஏதேனும் ஒரு படம் திரையை நிரப்பி நிற்கும்.

அந்த வரியை ‘எக்ஸெக்’ என்று தொடங்கினால் உள்நுழையும்போது ஒருமுறை மட்டும் இயங்கும். ‘எக்ஸெக்_ஆல்வேஸ்’ என்று தொடங்கினால் ஐ3-ஐ மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும் இயங்கும். படத்தை ஒருமுறை மாற்றிவிட்டு முடிந்துபோகும் கட்டளைக்குப் பின்னதே வசதி. ஆனால் அரைமணிக்கு ஒருமுறை மாற்றுமாறு முடிவின்றிச் சுழலும் ஷெல் நிரலை அதில் வைத்தால், ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் இன்னொரு சுழற்சி சேர்ந்துகொண்டு, படங்கள் கண்டபடி மாறத் தொடங்கும். இதற்குக் குறித்த நேரங்களில் கட்டளைகளைத் தானாக இயக்கும் கிரானை நாடுவோர், திரையைக் குறிக்கும் டிஸ்ப்ளே மாறியைக் கட்டளைக்கு முன்னால் தவறாமல் எழுத வேண்டும். எந்தத் திரையில் படத்தை இடுவது என்பது கிரானுக்குத் தானாகத் தெரியாது.

பழகப் பழகத் தெரியவருவது, ஒரே படம் திரும்பத் திரும்ப வருவதுதான். ஃபே ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கிப் போடுகிறதே தவிர, முன்பு எதைக் காட்டியது என்று நினைவில் வைப்பதில்லை. 50 படங்கள் உள்ள கோப்புறையில் 9 முறை மாற்றினாலே, ஏதேனும் ஒரு படம் இருமுறை வந்திருக்கப் பாதிக்கும் மேற்பட்ட வாய்ப்பு உண்டு. எனவே படங்களின் பட்டியலை ‘ஷஃப்’ கட்டளையால் கலைத்து ஒரு கோப்பில் எழுதி வைத்து, மேலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்து, தீர்ந்தபின் மீண்டும் கலைக்கும்படி ஒரு சிறு நிரல் எழுதிக்கொண்டேன். கோப்புறையில் உள்ள படம் ஒவ்வொன்றும் முறைவைத்து வந்துபோவது அதன் பிறகுதான்.

ஃபே தான் கடைசியாக இட்ட படத்தை மீண்டும் இடுவதற்கான கட்டளையை, முகப்புக் கோப்புறையில் ‘.ஃபேபிஜி’ என்ற மறைகோப்பாக எழுதி வைக்கிறது. மடிக்கணினியில் வெளித்திரையைச் செருகி திரைகளின் அமைப்பை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளை வழியாக இயக்கும்போது, பழைய திரை அளவுக்கு வரையப்பட்ட படம் புதிய பரப்பில் பொருந்தாமல் நிற்கும். அப்போது அந்தக் கோப்பை இயக்கினால் போதும். புதிதாகக் குலுக்காமல், இருந்த படமே சரியான அளவில் வந்து அமரும். திரையை மாற்றும் என் நிரலின் கடைசி வரி இதுதான்.

‘பிஜி-ஃபில்’ திரையை நிரப்புவதற்காகப் படத்தின் ஓரங்களை வெட்டிவிடும். நெடுக்குவாட்டுப் படமென்றால் மேலும் கீழும் பெரும்பகுதி போய்விடும் என்பதால், அகலவாட்டில் உள்ளவற்றை மட்டுமே வைத்திருக்கிறேன். கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினல் சாளரத்தை ஒளிபுகும்படி வைத்திருந்தால், அதன் பின்னால் வெளிர்நிறப் படம் வந்தால் எழுத்தே தெரியாது. அடர்நிறப் படங்களைத் தேர்ந்தெடுப்பது அழகை விடவும் கண்ணுக்கு நல்லது.

நேரப்படி மாற்றும் வழக்கத்தை இப்போது முற்றிலும் விட்டுவிட்டேன். நிரல்வரிகளில் ஆழ்ந்திருக்கும்போது டெர்மினலுக்குப் பின்னால் நிறம் மாறினால், கண் தானாக அங்கே போய்விடுகிறது. உள்நுழையும்போது ஒரு படம், அது பிடிக்காவிட்டால் ஐ3-இன் குறுக்குவழிகளுக்கான மாட் விசையோடு ஓர் எழுத்தை அழுத்தி அடுத்த படம் என்ற ஏற்பாடே எனக்கு நிலைத்திருக்கிறது. வேலேண்ட் என்னும் புதிய திரைக்காட்சி முறையில் இயங்கும், ஐ3 போன்றதான ஸ்வேக்கு மாறுவோர், ஃபே அங்கே பின்னணி இடாது என்பதை அறிந்து ஸ்வேபிஜியைப் பயன்படுத்த வேண்டும்; கலைத்த பட்டியலிலிருந்து வரி எடுக்கும் நிரலை அங்கும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.