தங்கப் பூச்சுக்குள்ளே இரும்பு: 18,400 ரூபாய் போச்சு, நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

கருகிய நைலான் நாற்றம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. பேட்டரி ஒயரை மாட்டும் கனெக்டர் என்று போலிச் சரக்கை எனக்கு விற்ற ஆளிடம் நேற்றுக் காலையில்தான் கடைசியாகப் பேசினேன். பேசினேன் என்று சொல்வதே தப்பு, நான் "ஹலோ" என்றேன், அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். மொத்தம் 18,400 ரூபாய். எங்கள் பட்டறைக்கு இது சின்னப் பணம் இல்லை.

யார் என்று பெயர் போடவில்லை. போட்டால் எனக்கே நோட்டீஸ் வரும் என்று அண்ணன் பயப்படுகிறான். பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில் எலக்ட்ரானிக் உதிரிபாகம் விற்கும் கடை, அவ்வளவுதான் சொல்வேன். இந்த மாதிரிச் சாமான் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

அப்பா மன்னார்குடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். நான் டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு அதே பட்டறையின் ஒரு மூலையில் மேஜை போட்டு சர்க்யூட் போர்டு வேலை செய்கிறேன். எங்கள் பக்கம் ஒற்றை நாற்று நடுகிறவர்கள் கோனோ வீடர் என்கிற களையெடுக்கும் உருளைக் கருவியைத் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசை வரிசையாக நட்டுவிட்டு, பத்துப் பன்னிரண்டு நாளில் ஆரம்பித்து, நடுவில் உருட்டிக்கொண்டே போக வேண்டும். களிமண் வயலில் அரை நாள் தள்ளினால் தோள் கழன்றுவிடும். அதற்கு மோட்டார் வைத்துக் கொடுத்தால் என்ன என்று போன வருஷம் ஆரம்பித்தோம். வண்டியின் சட்டகம் அப்பா வேலை. 24 வோல்ட் பேட்டரியும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் போர்டும் என் வேலை. இந்தக் குறுவைக்கு 14 வண்டிக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தோம்.

சாதாரணமாக ஓடும்போது மோட்டார் 25 ஆம்பியர் இழுக்கும். சேறு அப்பிக்கொண்டு உருளை திணறினால் 40 வரை போகும். அவ்வளவு கரண்டையும் பேட்டரி ஒயரிலிருந்து போர்டுக்குள் கொண்டுபோவது ஒரே ஒரு கனெக்டர். பச்சை நிறத்தில் ஸ்க்ரூ வைத்த சின்ன டெர்மினல் இதற்கு ஆகாது, அதில் பலதும் பத்துப் பதினைந்து ஆம்பியருக்கே திணறும். அதனால் மஞ்சள் நிற எக்ஸ்டி 90 கனெக்டர் போடுகிறோம். ஒயர் பக்கம் ஒன்று, போர்டிலேயே நேராக சால்டர் செய்கிற மாதிரி படுக்கை வசப் பின் வைத்தது இன்னொன்று. நைலான் கூடு, உள்ளே பித்தளைப் பின், மேலே தங்கப் பூச்சு. பெயரில் 90 இருக்கிறதே என்று 90 ஆம்பியர் நாள் முழுக்க ஓட்டிவிட முடியாது. அது கொஞ்ச நேரம் தாங்கும் அளவு. தொடர்ந்து ஓட்ட 40 தான் கணக்கு. இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். அதுதான் எரிச்சல்.

மே மாதம் சாம்பிளுக்கு நாலு ஜோடி ஆர்டர் போட்டேன். நல்ல சரக்கு வந்தது. பொய் சொல்லவில்லை, அருமையான சரக்கு. போட்டு அழுத்தினால் கப்பென்று உட்கார்ந்தது, கழற்றக் கை வலித்தது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புத்தான். பார்சலுக்குள் ஒரு சீட்டு: மொத்தமாக வேண்டுமென்றால் இந்த நம்பருக்கு வாட்ஸப் செய்யவும்.

செய்தேன். உடனே போன் வந்தது.

"அக்கா, மன்னார்குடியா? எங்க அம்மா ஊரு திருவையாறுக்கா. நம்ம டெல்டாக்காரங்களுக்குக் குறைச்சுத்தான் கொடுப்பேன்."

நான் விழுந்த இடம் இதுதான். வீடரைப் பற்றிக் கேட்டான், போட்டோ அனுப்பச் சொன்னான், "சூப்பர்க்கா, விவசாயிக்குச் செய்றீங்க" என்றான். அதே கனெக்டரில் கிளாம்ப் மீட்டர் மாட்டி 60 ஆம்பியர் காட்டுகிற வீடியோ ஒன்று அனுப்பினான். தளம் வழியாகப் போட்டால் அவர்களுக்குக் கமிஷன் போகிறது, நேராகப் பணம் அனுப்பினால் ஜோடி 92 ரூபாய்க்குத் தருகிறேன் என்றான். 100 ஜோடி 9,200. கூடவே பத்தாம் நம்பர் சிலிக்கான் ஒயர் 40 மீட்டர், மீட்டர் 230 வீதம் இன்னொரு 9,200. ஆக 18,400.

பக்கத்தில் கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா நிறுத்திவிட்டு, "பாதிப் பணம் இப்ப, பாதி சரக்கு வந்த பிறகுன்னு சொல்லும்மா" என்றார். அம்மா ஊர் திருவையாறு என்கிறானே, அவனிடம் போய் எப்படி அப்படிக் கேட்பது என்று முழுவதையும் அனுப்பிவிட்டேன். என்னைச் சொல்லணும்.

நாலு நாளில் வரும் என்றது பதினோரு நாள் ஆனது. அதற்குள் மேட்டூர்த் தண்ணீர் வந்து இங்கே நடவே நடந்துகொண்டிருந்தது. பார்சலைப் பிரித்தோம், மஞ்சள் கூடு, கூட்டின் மேல் அதே கம்பெனி எழுத்து, அதே பளபளப்பு. அவசரத்தில் ஒன்றைக்கூடச் சோதிக்கவில்லை. சாம்பிள்தான் நன்றாக இருந்ததே! இரண்டு நாள் ராத்திரி உட்கார்ந்து 14 போர்டிலும் பேட்டரிப் பக்கம் ஒன்று, மோட்டார் பக்கம் ஒன்று என்று 28 ஜோடியை சால்டர் வைத்து முடித்தேன்.

முதல் வண்டி நீடாமங்கலம் பக்கம் ஒரு பெரியப்பாவுக்குப் போனது. மூன்றாவது நாள் மத்தியானம் போன். "பாப்பா, வண்டி புகையுது."

போய்ப் பார்த்தால் கனெக்டரின் ஆண், பெண் பாதிகள் இரண்டும் உருகி ஒன்றாக ஒட்டிக்கிடக்கின்றன. பிளாஸ்டிக் வழிந்து ஒரு பக்கம் பின் சாய்ந்திருந்தது. போர்டில் சால்டர் இளகி, தாமிரத் தடம் கறுத்துப்போய் ஏடு மாதிரி எழும்பியிருந்தது. 183 டிகிரியில் இளகும் சால்டர் அது, அப்படியானால் பின் எவ்வளவு சூடாகியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல வேளை, பெரியப்பா பேட்டரியை மண்வெட்டிக் காம்பால் தட்டிப் பிரித்துவிட்டார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "போனா போவுது, நான் கையாலயே தள்ளிக்கிறேன்" என்றார்.

பட்டறைக்குக் கொண்டுவந்ததும் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துப் புதுக் கனெக்டர் ஒன்றின் பின்னில் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. அரத்தால் தேய்த்தேன், தங்கப் பூச்சுக்குக் கீழே மஞ்சள் இல்லை, வெள்ளை வெளேரென்று இரும்பு. வெல்டிங் கேபிள் நுனியில் மாட்டும் லக் லேசாகத் தளர்ந்தாலே ஹோல்டர் கொதிக்கும் என்று தினமும் பார்க்கிற மனுஷர் அவர். அவரிடம் ஒரு கனெக்டரைக் கொடுத்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்.

அப்புறம் உட்கார்ந்து அளந்தேன். பேட்டரியில் லோடு மாட்டி 20 ஆம்பியர் ஓடவிட்டு, பின்னுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மீட்டரை வைத்தேன். மிச்சமிருந்த சாம்பிளில் 12 மில்லிவோல்ட். இந்தச் சரக்கில் 180. கணக்குப் போட்டால் பழையது 0.6 மில்லி ஓம், புதியது 9 மில்லி ஓம். ஒன்பது மில்லி ஓம் என்றால் ஒன்றுமே இல்லை போலத்தான் தோன்றும். ஆனால் கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும். 40 ஆம்பியர் போகும்போது ஒரு பின்னில் மட்டும் 14 வாட். ஒரு கனெக்டரில் இரண்டு பின். ஆக 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்றை அந்தச் சின்ன மஞ்சள் கூட்டுக்குள் சொருகிவைத்த மாதிரி. நல்ல பின்னுக்கு இதே இடத்தில் ஒரு வாட்தான். சூடேறினால் பின்னின் பிடி தளரும், தளர்ந்தால் இன்னும் சூடேறும். அதற்கு மேல் நிற்காது.

ஒயரையும் சுரண்டினேன். நல்ல சிலிக்கான் ஒயரிலும் இழை வெள்ளையாகத்தான் இருக்கும், மேலே வெள்ளீயப் பூச்சு. சுரண்டினால் சிவப்புத் தெரிய வேண்டும். இதில் சுரண்டச் சுரண்ட வெள்ளைதான். அலுமினியம். அதாவது 18,400 ரூபாய்க்கும் சேர்த்தே நாமம்.

இனி அந்தத் தம்பியின் கதை. முதல் நாள் போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள்: "லோடு அதிகம் கொடுத்திருப்பீங்க மேடம்." கவனியுங்கள், பணம் போகும்வரை அக்கா, போன பிறகு மேடம். காந்தம் ஒட்டுகிற வீடியோவை அனுப்பினேன். "நிக்கல் கோட்டிங் மேடம், அப்படித்தான் ஒட்டும்." நிக்கல் பூச்சை லேசாகக் காந்தம் இழுக்கும், நிஜம்தான், ஆனால் கனெக்டரையே தூக்கிக்கொண்டு வராது. அரத்தில் தேய்த்த போட்டோ அனுப்பினேன். "தேய்ச்சுட்டீங்கன்னா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." தேய்க்காததே எழுபது ஜோடிக்கு மேல் இருக்கிறது என்றேன். "சப்ளையர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்." அப்புறம் வேறு ஒரு பெண் எடுத்தார், சார் மீட்டிங்கில் இருக்கிறாராம். எந்த மீட்டிங் ஐந்து நாள் நடக்கிறது? ஒருநாள் அண்ணன் போனிலிருந்து கூப்பிட்டேன். "சொல்லுங்கண்ணே, எந்த ஊரு?" என்று தேன் ஒழுக ஆரம்பித்தவன், என் குரலைக் கேட்டதும் கட் செய்துவிட்டான். அவன் அம்மா ஊர் இப்போது எந்த ஊரோ.

தளத்தின் உதவிப் பகுதியில் மிஷின்தான் பதில் சொல்கிறது. மூன்று தடவை ஆர்டர் எண் கேட்டது. கடைசியில் ஒரு மனிதர் வந்து, இந்தப் பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, வெளியே பணம் அனுப்பியது நான்தான். ஆனால் அந்தச் சீட்டு உங்கள் பார்சலுக்குள்தானே இருந்தது என்று கேட்டதற்கு, "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று சாட் பெட்டியை மூடிவிட்டார்.

பில் என்று வந்ததும் வெறும் "எஸ்டிமேட்" சீட்டு. ஜிஎஸ்டி எண் கிடையாது. 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன், சைபர் குற்றப் புகாருக்கான 1930-லும் சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். இப்போது அதற்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. சாம்பிளை நம்பி மொத்தச் சரக்கைச் சோதிக்காமல் விடாதீர்கள், பையில் கைவிட்டு நடுவிலிருந்து பத்தை எடுத்துக் காந்தம் வையுங்கள், ஒன்றை அரத்தில் தேயுங்கள். ஒயரைச் சுரண்டுங்கள். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், யாருடைய அம்மா ஊராக இருந்தாலும் சரி. போர்டில் சால்டர் வைக்கும் முன் ஒரு ஜோடியையாவது முழுக் கரண்டில் அரை மணி ஓட்டித் தொட்டுப் பாருங்கள், ஒருமுறை வைத்துவிட்டால் அந்தத் தடித்த பின்னைக் கழற்றுவதற்குள் தடமே பிய்ந்து வரும். எனக்கு 14 போர்டில் ஐந்து அப்படிப் போய்விட்டது, அது 18,400-இல் சேராத தனி நஷ்டம்.

மீதி ஒன்பது போர்டுக்கும் திருச்சியில் ஒரு கடையில் நேரில் போய், காந்தத்தைப் பையில் வைத்துக்கொண்டே, கனெக்டர் வாங்கி வந்திருக்கிறேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஜோடி 140 ரூபாய். இன்று ராத்திரிக்குள் நாலு போர்டாவது முடிக்க வேண்டும், முதல் வண்டி நீடாமங்கலத்துக்குத்தான்.