இரண்டு நாள் பாராசூட் மடிப்பு வகுப்பு: நாற்பது மடிப்புக்குப் பிறகு எழுதும் மதிப்புரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கைடைவிங் கற்றுக்கொள்ளும் யாரும் இப்படி ஒரு மடிப்பு வகுப்புக்குக் கட்டாயம் போக வேண்டும். நான் போன வகுப்பின் முதல் நாளுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். இரண்டாம் நாள் மதியத்துக்குப் பாதிதான். என் 14ஆவது குதிப்பு முடிந்ததும் இதில் சேர்ந்தேன். அதற்கப்புறம் இன்றுவரை 40 முறை நானே மடித்து, நான் மடித்ததிலேயே குதித்திருக்கிறேன். வகுப்பு முடிந்த அன்றே எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகப் போயிருக்கும். எது கைகொடுத்தது, எது விட்டுப்போனது என்பது மடிக்க மடிக்கத்தான் தெரிந்தது.

நான் அறுவை அரங்கில் வேலை செய்யும் செவிலியர். வயிற்றைத் தைத்து மூடும் முன் பஞ்சையும் கருவிகளையும் எண்ணுவோம். எண்ணும் நேரத்தில் யாரும் பேச மாட்டார்கள். யாராவது பேசிவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம். இந்தப் பழக்கத்தோடு போன எனக்கு, முதல் 14 குதிப்பிலும் யாரோ மடித்துக் கொடுத்ததை முதுகில் மாட்டிக்கொண்டு விமானம் ஏறியது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் மையம் அமெரிக்கப் பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏவின் விதிகளைப் பின்பற்றுகிறது. முதல் நிலை உரிமமான ஏ லைசென்ஸ் வாங்க 25 குதிப்பு மட்டும் போதாது, பிரதான பாராசூட்டை யார் உதவியும் இல்லாமல் மடித்துக் காட்டவும் வேண்டும். நான் சேர்ந்தது லைசென்ஸுக்காக மட்டும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் மூடுவது எனக்குப் பிடிக்காது.

முதல் நாள் காலையில் மடிக்கவே விடவில்லை. பாராசூட்டைத் தரையில் முழுதாக விரித்துப் போட்டு, இரண்டு மணி நேரம் லைன்களை, அதாவது கயிறுகளை, மட்டும் பார்க்கவைத்தார்கள். முன்னிருந்து பின்னாக ஏ, பி, சி, டி என்று நான்கு வரிசை, கடைசியில் திரும்பவும் வேகம் குறைக்கவும் இழுக்கும் பிரேக் லைன். ஒவ்வொன்றும் துணியில் எங்கே தைக்கப்பட்டிருக்கிறது, தோள்பட்டை நாடாவில் எங்கே வந்து சேர்கிறது என்று விரலால் தொட்டபடியே நடந்தோம். டொமினா ஜால்பெர்ட் 1964இல் உருவாக்கிய பாராஃபாயிலின் வழிவந்தவைதான் இன்றைய செவ்வகப் பாராசூட்டுகள். முன்பக்கம் திறந்திருக்கும் அறைகளுக்குள் காற்று நுழைந்து துணி இறக்கையாகிறது. மூக்கு எது, வால் எது, எந்தப் பக்கம் காற்று நுழையும் என்று மனதில் பதிந்த பிறகுதான் அதைக் கையில் எடுக்கச் சொன்னார்கள். இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது.

கற்றுக்கொடுத்தவர் ஐம்பது வயதைத் தொட்ட பெண்மணி. நான் துணியின் ஓரங்களை நீவி நீவி நேராக்கிக்கொண்டிருந்ததைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "அழகா இருக்குங்க. ஆனா பாராசூட்டுக்கு அழகு தேவையில்ல. லைன் எங்க இருக்குன்னு பாருங்க" என்றார். பார்த்தேன். நான் ஒழுங்காக நீவி வைத்திருந்த துணிக்கு அடியில் ஒரு பிரேக் லைன் நடுவிலிருந்து விலகி வெளிப்பக்கம் கிடந்தது. அப்படியே விட்டால் விரியும்போது அந்த லைன் துணியின் மேல் ஏறிக் குறுக்கே விழலாம். அப்படி விழுந்தால் பாராசூட் சுழல ஆரம்பிக்கும், பல நேரங்களில் அதைக் கழற்றிவிட்டு அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட்டான ரிசர்வுக்குத்தான் போக வேண்டியிருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்த வகுப்புக்கு வந்தது தகும் என்று எனக்குத் தோன்றியது.

சரி, முறைக்கு வருகிறேன். எங்களுக்குச் சொல்லித்தந்தது ப்ரோ பேக். லைன்களைத் தோள்மேல் போட்டு, துணி முன்னால் தொங்க, நின்றபடியே மடிப்பது. மூக்கின் ஒன்பது அறைகளையும் ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து முழங்கால்களுக்கு இடையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஏ-பிக்கு இடையே, பி-சிக்கு இடையே, சி-டிக்கு இடையே இருக்கும் துணியைக் கொசுவம் பிரிப்பது போல வெளிப்பக்கமாக இழுத்துவிட வேண்டும். துணி வெளியே போகப் போக லைன்கள் நடுவில் ஒன்றுசேரும். கடைசியில் வாலின் நடுவில் எச்சரிக்கை வாசகம் அச்சிட்ட துண்டைப் பிடித்து மேலே கொண்டுவந்து, இரண்டு பக்கமும் சுற்றி, சுருட்டி, மொத்தத்தையும் தரையில் படுக்கவைக்க வேண்டும். எழுதும்போது நான்கு வரி. முதல் முறை எனக்கு 1 மணி 40 நிமிடம் ஆனது, தோள் இரண்டு நாள் வலித்தது. இப்போது 25 நிமிடம். தொழிலாகவே மடிப்பவர்கள் பத்து நிமிடத்துக்குள் முடிப்பதைப் பக்கத்துப் பாயில் பார்த்திருக்கிறேன். அந்த வேகம் எனக்கு இப்போதைக்கு வேண்டாம்.

இந்த வகுப்பின் உண்மையான பலம், நான்கு இடங்களில் எங்களைக் கட்டாயமாக நிறுத்தியதுதான். அந்த இடங்களில் கையை எடுத்துவிட்டு, கண்ணால் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிரேக் இரண்டும் பூட்டியிருக்கிறதா. லைன் எல்லாம் நடுவில் இருக்கிறதா. ஸ்லைடர் மேலே இருக்கிறதா. பைலட் சூட் தயார்நிலையில் இருக்கிறதா. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கடைசியாகச் சொன்ன இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். எங்கள் அரங்கில் எண்ணுவது போலவே இருந்ததால் எனக்கு அந்த நிமிடமே பிடித்துவிட்டது. மற்ற மடிப்பெல்லாம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பாராசூட் பொறுத்துக்கொள்ளும் என்றார் ஆசிரியை. இந்த நான்கைப் பொறுக்காது.

ஸ்லைடரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான்கு மூலையிலும் உலோக வளையம் வைத்த ஒரு சிறு செவ்வகத் துணி அது. லைன்கள் நான்கு கூட்டமாக அந்த வளையங்கள் வழியே போகும். செவ்வகப் பாராசூட்டை அப்படியே விட்டால் காற்றை வாங்கி ஒரே அடியில் விரிந்துவிடும், கழுத்தும் முதுகும் தாங்காது. ஸ்லைடர் மேலேயிருந்து காற்றை எதிர்த்து மெல்ல மெல்லக் கீழே இறங்குவதால்தான் விரிவது மூன்று நான்கு நொடியாக நீள்கிறது. அது மேலே துணியை ஒட்டி, அதற்கான தடுப்பில் முட்டி நிற்க வேண்டும். நான்கு வளையத்தையும் கையால் தொட்டுத் தடுப்போடு முட்டுகிறதா என்று பார்க்கிறேன். மடித்ததைத் தரையில் வைத்த பிறகும் அது கீழே நழுவலாம், அதனால் பையில் போடும் முன் மறுபடி கையை உள்ளே விட்டுத் தொடுகிறேன்.

பைலட் சூட் என்பது நாம் கையால் எடுத்துக் காற்றில் வீசும் சின்னப் பாராசூட். அதுதான் பெரியதை வெளியே இழுக்கும். பெரியது விரிந்ததும் அது சும்மா பின்னால் இழுபடாமல் சுருங்கிக்கொள்ள உள்ளே ஒரு லைன் இருக்கிறது. அடுத்த முறை மடிக்கும்போது அந்த லைனை இழுத்து மறுபடி தயார்நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மறந்துவிட்டால் வீசிய பைலட் சூட் காற்றைப் பிடிக்காமல் வெறும் துணியாக முதுகுக்குப் பின்னால் படபடக்கும், பெரியது வெளியே வராது. பைலட் சூட்டைப் பெரியதோடு இணைக்கும் பிரைடில் நாடாவில் ஒரு சிறு ஜன்னல் வைத்துத் தைத்திருப்பார்கள். தயாராக இருந்தால் அதில் நிறம் தெரியும். எங்கள் ரிக்கில் (முதுகில் மாட்டும் முழுத் தொகுப்பில்) அது பச்சை. "பச்சை" என்று சத்தமாகச் சொல்லாமல் நான் பையை மூடுவதில்லை.

இனி குறைகள். இரண்டாம் நாள் மதியம், முதுகில் மாட்டும் வெளிப்பையான கன்டெய்னரை மூடும் பகுதி. ஏழு பேருக்கு இரண்டே பாய்கள். நேரம் போய்விட்டது என்று, ரப்பர் பேண்டில் லைன்களைச் செருகுவதிலிருந்து பின் குத்துவது வரை முக்கால் மணியில் ஓட்டிவிட்டார்கள். செருகல் தளர்ந்தால் லைன்கள் முன்கூட்டியே கொட்டி அடி பலமாக விழும், ரொம்ப இறுகினால் பை திறக்காமல் போகலாம் என்று வாயால் சொன்னார்கள். எவ்வளவு இறுக்கம் சரி என்று கையால் உணரவிடவில்லை. கடைசியில் சுமார் அரை மீட்டர் லைனைச் செருகாமல் விட வேண்டும் என்பதையும் நான் பின்னால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

க்ளோசிங் லூப் விஷயம் இன்னும் வருத்தம். கன்டெய்னரின் நான்கு மடல்களையும் சேர்த்துப் பிடிப்பது விரல் நீளம்கூட இல்லாத அந்தக் கயிற்று வளையம்தான். இழுகயிற்றைக் கோர்த்து அதை மடல்களின் துளை வழியே மேலே இழுத்து, பின்னைக் குத்தி, அப்புறம் இழுகயிற்றை உருவ வேண்டும். நான் சட்டென்று உருவினேன். அது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு ரிக்கர் (பாராசூட்டைச் சோதித்துப் பராமரிக்க உரிமம் பெற்றவர்) என் லூப்பைப் பார்த்து, உராய்வில் இழைகள் கருகியிருப்பதைக் காட்டினார். இழுகயிற்றைப் பின்னுக்கு அடியில் கொண்டுவந்து, உராய்வு பின்னின் மேல் விழும்படி மெதுவாக உருவ வேண்டுமாம். பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே லூப்பை மாற்ற வேண்டும். அது காற்றில் தானாக அறுந்தால் நாம் எதிர்பார்க்காத இடத்தில், விமானத்தின் கதவருகில்கூட, பாராசூட் திறந்துவிடும். ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய ஒன்றை ஒரு வகுப்பு விட்டிருக்கக் கூடாது.

இன்னொன்று, பழகத் தந்த பாராசூட். ஆயிரக்கணக்கில் மடிபட்டு நைந்த துணி, வைத்த இடத்தில் கிடக்கும். குதிக்க எடுத்ததோ ஏறக்குறையப் புதியது, காற்றே புகாத ஜீரோ போரோசிட்டி துணி. சிலிக்கோன் பூச்சு இருப்பதால் மீன் போல வழுக்கும். பையில் ஒரு பக்கம் திணித்தால் மறுபக்கம் வெளியே வரும். வகுப்புக்குப் பிறகு முதல் நாள் மூன்று முறை கலைத்து மூன்று முறை மடித்தேன். கடைசியில் ஆசிரியையே வந்து வழி காட்டினார். காற்றை வெளியேற்ற அவசரப்படாமல், முழங்காலால் உடல் எடையை மெல்ல ஏற்ற வேண்டும். பிடித்த இடத்தை விடாமலே அடுத்த மடிப்பை எடுக்க வேண்டும். இதையும் வகுப்பிலேயே ஒரு மணி நேரம் வைத்திருக்கலாம்.

அதே அன்று மாலை, நான் மடித்ததை மாட்டிக்கொண்டு ஏறினேன். 5000 அடியில் பைலட் சூட்டை வீசிவிட்டு, ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று எண்ணினேன். மூன்று முடியும் முன் தோளில் மெல்ல ஒரு இழுப்பு. நிமிர்ந்து பார்த்தேன், செவ்வகம் நேராக இருந்தது, ஸ்லைடர் பாதி வழியில் நடுங்கிக்கொண்டே இறங்கியது. காலையில் நான் விரலால் தொட்ட அதே நான்கு வளையங்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிரேக்கை விடுவித்து இடமும் வலமும் திருப்பிப் பார்த்த பிறகுதான் கண்ணைத் துடைத்தேன்.

இரண்டாவது முறை லைன்கள் இரண்டு சுற்று முறுக்கிக்கொண்டன. காலை உதைத்துப் பிரித்து இறங்கினேன். மடிப்பில்தான் தப்பு என்று நினைத்து ஆசிரியையிடம் போனேன். அவர் வீடியோவைப் போட்டு, வீசும் நொடியில் என் வலது தோள் தாழ்ந்திருப்பதைக் காட்டினார். "மடிப்பு சரிதான்மா. தோளைச் சமமா வைங்க" என்றார். வகுப்பு முடிந்தும் இப்படி உட்கார்ந்து பார்க்க நேரம் ஒதுக்குவது இந்த மையத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதற்கு அவர்கள் தனியாக எதுவும் கேட்பதில்லை.

ரிசர்வை நாம் மடிப்பதில்லை. அது ரிக்கரின் வேலை, சிவப்பு நூலும் முத்திரையும் போட்டுத்தான் வரும். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒருமுறை அதைப் பிரித்து மறுபடி மடிக்க வேண்டும். வகுப்பில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்தார்கள், அது போதும்.

நீங்கள் சேர்வதாக இருந்தால் முன்கூட்டியே இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு பாய்க்கு எத்தனை பேர், பழகத் தரும் துணி குதிக்கும் துணியேதானா. இரண்டாம் நாள் மதியம் ஒரு நல்ல லூப்பையும் ஒரு தேய்ந்த லூப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நான் அந்தக் கருகிய லூப்பை ரிக்கரிடம் கேட்டு வாங்கி என் ஹெல்மெட் பையில் வைத்திருக்கிறேன். அடுத்த வகுப்பில் காட்டுவதற்கு அதைத் தரும்படி ஆசிரியை கேட்டிருக்கிறார். வரும் சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.