குதிரை நடக்கும் வேகத்தில்: ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற வீடியோ விளையாட்டை நண்பர்கள் மூவரும் ஒரே மாதத்தில் வாங்கினோம். மூவருள் ஒருவர் பனியைத் தாண்டவே இல்லை. பிளாக்வாட்டர் நகரில் நடத்திய கொள்ளை பிசகிப்போனதால் ஓடிவரும் ஒரு கூட்டம், காயம்பட்டவர்களையும் பெண்களையும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, மலைமேல் கைவிடப்பட்டுக் கிடக்கும் கோல்ட்டர் என்ற சுரங்க ஊரில் ஒண்டிக்கொள்வதில் கதை தொடங்குகிறது. முழங்கால் அளவுப் பனியில் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்க முடியும். குதிரையும் அப்படியே தடுமாறித்தான் போகும். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் இப்படியே செல்கிறது. நண்பர் "விளையாட்டு எப்போது தொடங்கும்?" என்று கேட்டுவிட்டு விலகிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பனியில் நானும் ஓரிருமுறை கடிகாரத்தைப் பார்த்தவன்தான்.

ராக்ஸ்டார் நிறுவனம் இதனை 2018 அக்டோபர் 26 அன்று பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கும், 2019 நவம்பரில் கணினிக்கும் வெளியிட்டது. 2010இல் வந்த முதல் விளையாட்டின் கதைக்கு முந்தைய கதை இது என்பதால் அதனை விளையாடாதவர்களும் தயங்காமல் இதிலிருந்து தொடங்கலாம். காலம் 1899. ரயிலும் தந்தியும் கூலிக்கு ஆள்பிடிக்கும் துப்பறிவாளர்களும் மேற்குப் பகுதி முழுவதும் பரவிவிட்ட பின், துப்பாக்கியை நம்பி வாழ்ந்த கூட்டங்களுக்கு ஒதுங்க இடமில்லாமல் போகும் காலம் அது. டச் வான் டெர் லிண்ட் என்ற தலைவனின் வலக்கையான ஆர்தர் மார்கனாக நாம் விளையாடுகிறோம். மாநிலங்கள் ஐந்தும் கற்பனையே. ஆயினும் செயின்ட் டெனிஸின் இரும்புப் பால்கனிகளையும் டிராம் வண்டிகளையும் சதுப்புநிலச் சுற்றுப்புறத்தையும் பார்த்தவுடன் நியூ ஆர்லியன்ஸ் நினைவுக்கு வந்துவிடும்.

மெதுவாக இருப்பதையே இந்த விளையாட்டு தன் தொழிலாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தொழிலைப் பயணங்களில் மிக நன்றாகச் செய்கிறது. மிஷன்களில், அதாவது கதையை நகர்த்த நாம் முடிக்க வேண்டிய பணிகளில், தானே கெடுத்துக்கொள்கிறது. அறுபது மணி நேரத்துக்கு மேல் விளையாடிய பின் என் தீர்ப்பு இதுதான்.

பிற விளையாட்டுகளில் ஒரு மானைச் சுட்டால், அதன் மேல் நடந்தவுடன் தோலும் இறைச்சியும் நம் பைக்குள் வந்துவிடும். இங்கே ஆர்தர் மண்டியிட்டு, கத்தியைச் செருகி, தோலை இரு கைகளாலும் இழுத்து உரிக்கிறார். நாம் அதை முழுமையாகப் பார்த்தாக வேண்டும். உரித்த தோலைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு குதிரை நிற்கும் இடம்வரை நடக்க வேண்டும். குதிரையின் முதுகில் மடித்துப் போட வேண்டும். மானையும் கொண்டுபோக வேண்டுமானால் திரும்பி வந்து அதையும் சுமக்க வேண்டும். எந்த விலங்குக்கு எந்த ஆயுதம் என்பதும் முக்கியம். முயலைப் பெரிய துப்பாக்கியால் சுட்டால் தோல் கந்தலாகிவிடும். சுமந்து செல்லும் சடலத்தை உரிய நேரத்தில் விற்காவிட்டால் அது அழுகி, ஈ மொய்க்கத் தொடங்கிவிடும். கடைக்குப் போனாலும் இதே நிதானம்தான். கல்லாவின் மேல் இருக்கும் தடித்த விலைப்பட்டியல் புத்தகத்தை அந்தக் காலத்து விளம்பரப் படங்களோடு பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் பொருளை வாங்க வேண்டும். முகாமிட்டுக் காப்பி காய்ச்சினால், அதனைக் கோப்பையில் ஊற்றி ஒவ்வொரு மிடறாக ஆர்தர் குடிப்பார். அவசரக்காரர்களுக்கு இவை யாவும் சிறைத்தண்டனையாகத் தோன்றக்கூடும். எனக்கும் முதல் வாரத்தில் அப்படித்தான் தோன்றியது. இரண்டாம் வாரத்தில் தேவையில்லாமல் சுடுவதை நிறுத்திவிட்டேன் என்பதைப் பின்னர்தான் கவனித்தேன். ஒரு மானைக் கொன்றால் எவ்வளவு வேலை என்பது கைக்குத் தெரிந்துவிட்டதுதான் காரணம்.

குதிரையின் விஷயமும் அப்படியே. தட்டிக்கொடுத்து, தீனி போட்டு, சேற்றைத் தேய்த்துத் துடைத்து, கூடவே பயணம் செய்தால் நான்கு நிலைகளில் அதனோடு பழக்கம் வளரும். பழகாத குதிரை பாம்பையோ ஓநாயையோ கண்டால் நம்மைக் கீழே தள்ளிவிட்டு ஓடும். பழகிய குதிரையும் மிரளத்தான் செய்யும், ஆனால் நம் குரலுக்கு அடங்கும். இறந்த குதிரை திரும்ப வராது. வேலன்டைன் ஊரில் வாங்கிய பழுப்பு நிறக் குதிரையை இருபது மணி நேரத்துக்கும் மேலாக வைத்திருந்தேன். ஒரு மாலை, தொலைவில் எதையோ பார்த்துக்கொண்டே காட்டுக்குள் முழு வேகத்தில் ஓட்டி, அதனை ஒரு மரத்தில் மோதவைத்துவிட்டேன். உயிர்மீட்கும் மருந்தைப் பையில் வைத்திருக்க வேண்டும் என்று நண்பர் பலமுறை சொல்லியிருந்தும் நான் வாங்கவில்லை. செத்த குதிரையின் சேணத்தை அவிழ்த்துத் தோளில் சுமந்து செல்ல இந்த விளையாட்டு இடம் தருகிறது. அப்படிச் சுமந்துகொண்டு அந்த இரவில் சாலை வழியே ஊர்வரை நடந்தேன். எதிரே வந்த ஒரு வண்டிக்காரர் வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன். கணக்குப் பார்த்தால் பத்து நிமிடம் எதுவுமே நடக்கவில்லை. ஆனால் இந்த விளையாட்டில் முதலில் எனக்கு நினைவுக்கு வருவது அந்தப் பத்து நிமிடம்தான்.

மீதமிருந்த நாங்கள் இருவரும் வார இறுதிகளில் எங்கள் பயணங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்; ஒருவர் கண்டதை மற்றவர் பெரும்பாலும் கண்டிருக்க மாட்டார். வழியோரத்தில் பாம்பு கடித்து ஒருவர் கதறிக்கொண்டிருப்பார். நான் அவசரத்தில் அவரைக் கடந்து சென்றுவிட்டேன். நண்பர் இறங்கி, விஷத்தை உறிஞ்சித் துப்பி, அவரைக் காப்பாற்றியிருக்கிறார். நாள்கள் பல கழிந்து, ஊரில் துப்பாக்கிக் கடை வாசலில் உட்கார்ந்திருந்த அதே மனிதர் இவரை அடையாளம் கண்டு அழைத்து, கடையில் விரும்பியதை எடுத்துக்கொள்ளுங்கள், பணம் நான் தருகிறேன் என்றாராம். கேட்டபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. என் பங்குக்கு நான் அவருக்குச் சொன்னது ஹாமிஷ் சின்க்ளேர் என்ற முன்னாள் படைவீரரைப் பற்றி. மலைகளுக்கு நடுவே ஓக்ரேஸ் ரன் என்ற ஏரிக்கரையில் தனியே வாழும் ஒற்றைக்கால் கிழவர் அவர். குதிரை அவரைக் கீழே தள்ளிவிட்டு, சேணத்தில் மாட்டிக்கொண்ட மரக்காலோடு ஓடிவிட்டது. குதிரையைப் பிடித்துக் கொண்டுவந்தால் நட்பு தொடங்குகிறது. மறுமுறை போனால் படகில் உட்கார்ந்து, அவர் பல காலமாகத் துரத்தும் பெரிய மீனுக்குச் சேர்ந்து தூண்டில் போடலாம். கதையின் முதன்மை ஓட்டத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தப் பக்கம் போகாதவர்களுக்கு அவர் இருப்பதே தெரியாது.

ரோட்ஸ் ஊர்த் தெருவில் "கேவின்! கேவின்!" என்று நண்பனைத் தேடிக் கூவிக்கொண்டே திரியும் ஆங்கிலேயரை நாங்கள் இருவரும் கண்டோம். கேவின் எங்கே என்ற கேள்விக்கு இருவரிடமும் விடையில்லை.

உயிரினங்கள் ஏறத்தாழ 200 வகை இருக்கின்றன. அவற்றுள் என்னை நிறுத்திவைத்தது கரோலினா கிளி. தெற்கே லெமோய்ன் மாநிலத்தின் சதுப்புநிலப் பகுதியில் மட்டும் பச்சையும் மஞ்சளுமாகக் கூட்டமாய்ப் பறக்கும். இறகுக்காக அவற்றைச் சுட்டுத் தள்ளினால் பிற பறவைகளைப் போல மீண்டும் மீண்டும் தோன்றுவதில்லை. எண்ணிக்கை தீர்ந்தால் அந்த உலகில் அந்த இனமே தீர்ந்துவிடும். உண்மையிலும் இந்தக் கிளி அமெரிக்காவில் இருந்தது. தொப்பியில் செருகும் இறகுக்காகவும், பழத்தோட்டங்களைப் பாழாக்குகிறது என்பதற்காகவும் வேட்டையாடப்பட்டது. கூண்டில் எஞ்சியிருந்த கடைசிக் கிளி 1918இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. இதனைப் படித்த பிறகு நண்பர் தம்முடைய தொப்பியைக் கழற்றிவிட்டார். ஏழு கிளிகளின் இறகு அதில் இருந்ததாம்.

இனி மிஷன்களுக்கு வருகிறேன். பரந்த வெளியில் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று பழக்கிவிட்டு, மிஷன் தொடங்கும் மஞ்சள் வட்டத்துக்குள் கால் வைத்தவுடன் கையைப் பிடித்து நடத்தத் தொடங்குகிறது இந்த விளையாட்டு. குறித்த பாதையிலிருந்து சற்று விலகினாலும், உடன் வருபவரைவிட்டுச் சற்றுப் பிந்தினாலும் "தோல்வி" என்று திரை சிவந்துவிடும். எதிரிகளைப் பின்பக்கத்திலிருந்து சுற்றி வளைக்கலாம் என்று நான் பாறை மேல் ஏறிய ஒவ்வொரு முறையும் இதே கதைதான். வேட்டையில் அவ்வளவு பொறுமையைக் கற்றுத்தரும் விளையாட்டு, துப்பாக்கிச் சண்டையில் நம் அறிவை நம்ப மறுக்கிறது. சண்டைகளும் அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் வருகின்றன. ஒரு சிற்றூரில் வாழ்பவர்களைவிட அதிகமான பேர் ஒரே மோதலில் விழுகிறார்கள். விளையாட்டை இயக்கும் கைப்பிடியில் ஒரே பொத்தான் இடத்துக்கேற்ப வெவ்வேறு வேலை செய்வதும் பழக நாளாகும். வழிப்போக்கர் ஒருவருக்கு வணக்கம் சொல்லப்போய், கையில் துப்பாக்கி இருப்பதை மறந்து அவரை நோக்கி நீட்டிவிட்டேன். அவர் அலற, சாட்சி ஓட, பத்து நிமிடத்தில் என் தலைக்கு விலை வைத்துவிட்டார்கள். அதில் பாதிப் பிழை என் விரலுடையது.

மிஷன்களிலும் நிதானமானவை தனியே நிற்கின்றன. கூட்டத்தின் மூத்தவரான ஹோசியாவுடன் கரடி வேட்டைக்குப் போவது அத்தகையது. வேலன்டைனில் ஒரு பெரிய குதிரையை விற்றுவிட்டு, வழிநெடுகப் பழங்கதை பேசி, இரவில் நெருப்பருகே தங்கி, மறுநாள்தான் தடம் பார்க்கத் தொடங்குவார்கள். சுடுவது மிகக் கொஞ்சம். ஆர்தருக்குக் குரலும் நடிப்பும் தந்த ரோஜர் கிளார்க்கின் திறம் இத்தகைய பேச்சுகளில்தான் தெரிகிறது. 2018இல் கேம் அவார்ட்ஸ் விழாவில் அவருக்குச் சிறந்த நடிப்புக்கான விருது கிடைத்தது பொருத்தமானதே. ஆர்தரின் நாட்குறிப்பையும் அடிக்கடி திறந்து பாருங்கள். பேச்சில் முரடராக இருக்கும் அந்த மனிதர், நாம் கண்ட விலங்குகளையும் இடங்களையும் பென்சிலால் அத்தனை மென்மையாக வரைந்து வைத்திருக்கிறார். கதையின் பிற்பகுதி அவரை எங்கே கொண்டுசெல்கிறது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. தொடக்கத்தில் அலட்சியமாகச் செய்த ஒரு சிறு காரியம் திரும்பி வருகிறது என்பது மட்டும் போதும்.

வாங்க எண்ணுபவர்களுக்குச் சில செய்திகள். கணினியில் ஏறத்தாழ 150 ஜிபி இடம் வேண்டும். கதையை மட்டும் நேராக முடித்தாலும் ஐம்பது மணி நேரம் அளவில் பிடிக்கும். ஆறு அத்தியாயங்களுக்குப் பின் 1907இல் நடக்கும் நீண்ட பின்கதையும் உண்டு. நியூ ஆஸ்டின் மாநிலத்தின் பாலைநிலம் அப்போதுதான் முறையாகத் திறக்கும். இணையவழிப் பகுதிக்குப் பெரிய புதுப்பிப்புகள் இனி வராது என்று 2022இலேயே அறிவித்துவிட்டதால், அதற்காக மட்டும் வாங்க வேண்டாம். தமிழில் வசன வரிகள் இல்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களின் இழுவைப் பேச்சைப் பின்தொடர ஆங்கில வசன வரிகளை இயக்கிக்கொள்வது நல்லது. திரையின் மூலையில் உள்ள சிறு வரைபடத்தை மட்டும் அணைத்துவிடுங்கள். ரயில் பாதையையும் ஆற்றையும் பார்த்தே வழி கண்டுகொள்ளலாம். அதை அணைத்த பின்புதான் நான் சாலையைப் பார்க்கத் தொடங்கினேன்.

பனியோடு நின்றுவிட்ட நண்பருக்குச் சென்ற மாதம் என் சேண நடையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பழைய சேமிப்பைத் திறந்து, கோல்ட்டரிலிருந்து கீழே இறங்கிவிட்டார். இப்போது மூன்று வாரமாக ஹார்ட்லாண்ட்ஸ் புல்வெளியில் இருக்கிறார். அடுத்த மிஷனுக்கு இன்னும் போகவில்லை. நேற்று பேசியபோது, எருமைக் கூட்டம் ஒன்று ரயில் பாதையைக் கடந்துகொண்டிருக்கிறது, முடிந்ததும் அழைக்கிறேன் என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.